அருமையான முடிவு

தல்லாகுளம் புத்தகக் கண்காட்சியில் ஆண்டிச்சாமியின் முதல் நாவலை நான்தான் அறிமுகப்படுத்திப் பேசினேன்.

“புருஷனை விட்டுவந்த சீனியம்மாள் சமயநல்லூர் ரயில்வே கேட்டில் நிற்கிறாள். திரும்பிப் போனாளா? ஆசிரியர் சொல்லவில்லை. வாக்கியத்தைக்கூட முடிக்காமல் பாதியில் நிறுத்திவிடுகிறார். அருமையான முடிவு!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆண்டிச்சாமி மட்டும் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அடக்கம் என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து, கண்காட்சியில் அவர் போட்டிருந்த புத்தகக் கடைக்குப் போனேன். நாவலின் ஒவ்வொரு பிரதியிலும் கடைசித் தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“என்னய்யா பண்றீங்க?”

குரலைத் தணித்துக்கொண்டார். “உங்களுக்குக் குடுத்த புத்தகத்துல மட்டும் கடைசிப் பதினாறு பக்கம் பைண்டிங்ல விட்டுப்போச்சுண்ணே. நீங்க பேசுறப்பத்தான் வெளங்குச்சு. அதுவும் நல்லதாப் போச்சு. நான்தேன் தெரியாம அம்புட்டையும் எழுதித் தொலைச்சிட்டேன்.”

கீழே கிடந்த தாள்களை எடுத்து, நின்றபடியே வாசித்தேன். சீனியம்மாள் கேட்டைத் தாண்டிய இடத்தில் கண் கலங்கிவிட்டது.

“எப்படிண்ணே இருக்கு?” என்று ஆவலாகக் கேட்டார்.

என் பேச்சுக்குக் கைதட்டியவர்கள் கடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

“சுமார்தான்,” என்றேன். “கிழிச்சிருங்க.”