பின்னாலிருந்து கூப்பிடாமல்

மந்தைவெளியைத் தாண்டும்போதே ஹம்சாவின் உள்ளங்கைகள் வியர்த்துவிட்டன. ஆட்டோவின் கம்பியைப் பிடித்தால் வழுக்கியது.

முன்னால், மெட்ரோ வேலைக்காக அடித்திருந்த தகரத் தடுப்பை ஒட்டி, ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டு போனது. மகன் கிரீஷின் சைக்கிள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் பைகள் தொங்கின. துணிமணி, பஞ்சர் ஒட்டும் சாமான், அவள் திரித்துக் கொடுத்த சத்துமாவு.

கன்னியாகுமரி வரை தனியாகவே போகிறான். “யோசிக்கணும்மா. போயிட்டு வந்து சொல்றேன்” என்றிருந்தான்.

டேராடூனில் காட்டுயிர் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தேனாம்பேட்டையில் அப்பாவின் அலுவலகத்தில் வேலை காத்திருந்தது. பணியில் இருக்கும்போதே அவள் கணவர் ஸ்ரீனிவாசராகவன் இறந்துபோனதால், குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் அரசாங்கம் தரும் வேலை. ஒருவர் என்றால் கிரீஷ்தான் என்று மைத்துனர் தொடங்கி மாடிவீட்டுக்காரர் வரை எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

நேற்று மாலை அலுவலகத்திலிருந்து சூப்பிரண்டு பேசினார். பையன் ஊர் சுற்றிவிட்டு வரும்வரை பொறுக்க முடியாது. நாளைக்குள் அவன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

அவள் கிரீஷிடம் சொல்லவில்லை. அவன் கூடத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தாள். காலையில் வாசலில் நின்று கையை மட்டும் அசைத்தாள்.

சிவப்பு விளக்கு தெருமுனையில் திரும்பியதும்தான் உறைத்தது. வேலை போய்விட்டால்? வாடகை போக மிஞ்சும் ஓய்வூதியத்தில் எத்தனை காலம்? பூட்டினோமா இல்லையா என்று நினைவில்லாமல் ஓடிவந்து கண்ணில் பட்ட ஆட்டோவை நிறுத்தினாள்.

“இன்னா மாமி, இம்மாம் கிட்ட வந்துட்டோம். ஒரு கொரல் குடு, நின்னுடுவாரு” என்றான் ஆட்டோ ஓட்டும் டில்லிபாபு.

“பின்னாலேர்ந்து கூப்பிடப்படாதுப்பா. பிரயாணம் கிளம்பிட்டான்.”

“அப்ப ஹாரன் அடிக்கிறேன்.”

“அதுவும் கூப்பிடறதுதானே.”

“ஹாரனுக்கும் சகுனம் கீதா? அப்டி பாத்தா மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தனும் ஊர் போய்ச் சேர மாட்டான் மாமி.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தண்ணீர் லாரி ஆட்டோவை உரசாத குறையாகத் தாண்டி, தடுப்புக்கும் நடைபாதைக்கும் நடுவே புகுந்தது. சிவப்பு விளக்கு மறைந்தது. ஹம்சா மூச்சை அடக்கிக்கொண்டாள். லாரி விலகி, விளக்கு மறுபடி தெரிந்த பிறகும் அந்த மூச்சை விடத் தோன்றவில்லை.

“முன்னால போய் நிறுத்துப்பா. அவனுக்கு எதிர்ல நின்னு சொல்லிக்கறேன்.”

அடையாறு பாலத்தில் பாதை அகன்றது. டில்லிபாபு சைக்கிளைத் தாண்டினான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிக்னலுக்குச் சற்று முன்னால் ஆட்டோ நின்றதும் இறங்கி, நடைபாதை ஓரமாக நின்றாள்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. கிரீஷ் வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினான். நாலடி தூரம்தான். அவன் கண் சிக்னலிலேயே இருந்தது.

‘திரும்பி வாடா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வந்துவிடுவான். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை பைகளைப் பரணில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவான்.

அவன் உதடுகள் வறண்டிருந்தன. ஹெல்மெட்டின் வாரை இறுக்கினான், தளர்த்தினான், மறுபடி இறுக்கினான். பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டான். பிறகு தோளுக்கு மேலாக, வந்த வழியை, மயிலாப்பூர்ப் பக்கத்தை ஒருமுறை பார்த்தான். யாராவது கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்பது போல.

பயந்துபோயிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

பச்சை விழுந்தது. அவன் பயந்தபடியே பெடலை மிதித்தான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. திருவான்மியூர் போகும் சாலையில் பேருந்துகளுக்கு நடுவே அவன் முதுகு சிறுத்துக்கொண்டே போனது.

“இன்னா மாமி, வுட்டுட்ட? இப்ப முன்னாலதான நின்னுகினு இருந்த?”

ஹம்சா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

சூப்பிரண்டு நேற்றுச் சொன்னதில் ஒரு பாதியை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தாள். “முதல் உரிமை மனைவிக்குத்தாம்மா. உங்களுக்கு வேண்டாம், பையனுக்குக் கொடுங்கன்னு நீங்க எழுதிக் கொடுத்ததாலதான் அவரைக் கூப்பிடறோம். மனசு மாறினா நீங்களே வரலாம். டிகிரி இருக்கு, வயசும் தாண்டலை.”

அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டவள் அவள். இந்த வயதில், தெரியாத முகங்களுக்கு நடுவே, ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால். நினைக்கவே நேற்றுப் பயமாக இருந்தது. இப்போதும் இருந்தது.

“வூட்டுக்கா மாமி?”

“தேனாம்பேட்டைக்குப் போப்பா. எங்காத்துக்காரர் ஆபீஸுக்கு.”

“இந்நேரத்துக்கா? பத்து மணிக்குத்தான் தொறப்பாங்கோ.”

“வாசல்ல உக்காந்துண்டிருக்கேன். ஆத்துக்குப் போனா அப்புறம் வர மாட்டேன்.”