பதினெட்டு யூனிட்

பாலில் சர்க்கரை இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, உதடு பிசுபிசுக்கும் அளவுக்கு. டிக்கெட் பரிசோதகர் ஒரு மடக்கோடு டம்ளரை மேசையில் வைத்துவிட்டு மருமகளை ஏறிட்டார்.

"முழுசா குடிச்சிடுங்க மாமா," என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதியோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு இப்படியொரு பால். ரயிலில் முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் அவர். முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும்.

பால்தான் இப்படி என்றால், அலமாரியில் இன்சுலின் பேனாவையும் காணோம். தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினெட்டு யூனிட். ஒரு தடவை போட்டால் நாள் முழுக்க மெல்ல மெல்ல வேலை செய்கிற மருந்து.

ஒரு மாதமாகவே அவருக்கு மனசு சரியில்லை. பதினாறு நாள் வரவேண்டிய பேனா ஒன்பதே நாளில் காலியாகிறது. போதாக்குறைக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை வெடவெடக்கிறது. போன வாரம் குளியலறை வாசலில் விழுந்தே விட்டார்.

மருந்துக்கடைக்காரரிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தார். "இந்த மருந்தை யாராவது சோத்துல கலந்துட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. ஊசியா ஏத்தினாத்தான் வேலை செய்யும்," என்று சிரித்தார் கடைக்காரர்.

பின்னே மருந்து எங்கேதான் போகிறது?

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மருமகள் மூன்று நாளாக லீவு. ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்கிறாள். அவர் எழுந்தால் எழுகிறாள், உட்கார்ந்தால் உட்காருகிறாள். சற்று முன்னால் சமையலறையில் போனில் கிசுகிசுத்தது வேறு அவர் காதில் விழுந்திருந்தது. "இல்லைங்க, அவருக்கு இன்னும் தெரியாது. வண்டிய சீக்கிரம் அனுப்புங்க."

அவர் ஒருவழியாகக் குடித்து முடித்த டம்ளரைக் கழுவ அவள் உள்ளே போன சமயம் பார்த்து, நாற்காலியில் தொங்கிய அவளுடைய கைப்பையைத் திறந்தார். சீப்பு, சாவிக்கொத்து, குடை. அடியில் கைக்குட்டையில் சுற்றி, அவருடைய பேனா.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மகனுக்குப் போன் போட்டார். இரண்டு தெரு தள்ளி லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், கையில் கிரீஸ்கூடத் துடைக்காமல் ஓடி வந்தான்.

"உன் பொண்டாட்டி என் மருந்த ஒளிச்சு வெச்சுட்டு, சர்க்கரையக் கரைச்சு ஊத்தறா. என்னைய அனுப்பிட்டா வீடு கைக்கு வந்துடும்ல? நான் இன்னும் யார் பேருக்கும் எழுதலப்பா. அத ஞாபகம் வெச்சுக்கோங்க."

மகன் மனைவியைப் பார்த்தான். "பேனாவ நீயா எடுத்த?"

"ஆமா. நான்தான் எடுத்தேன்."

"சர்க்கரை?"

"அதுவும் நான்தான். நாலு ஸ்பூன்."

பரிசோதகர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. கூடவே, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன்னை ஒரு சொல் எதிர்த்துப் பேசாத பெண்ணா இப்படி என்று நம்பவும் முடியவில்லை.

"கேட்டுக்கிட்டியா? அவ வாயாலயே வந்துடுச்சு." சட்டையை மேலே தூக்கிக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார். "மணி பதினொண்ணு ஆகுது. இன்னைக்கு நான் இன்னும் ஊசியே போடல. பட்டினி போட்டாக்கூட பரவாயில்ல, மருந்தப் போய் யாராவது ஒளிப்பாங்களா?"

மகன் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தான். அவர் உதறிப் பார்த்தார். அவன் விடவில்லை.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மருமகள் அவர் காலடியில் உட்கார்ந்து, விரலைப் பிரித்துப் பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு ரெண்டு தடவை போட்டுக்கிட்டீங்க, மாமா."