பால் மறந்த பிள்ளை

"மாசாமாசம் வர வயித்து வலிதான். இயுத்துப் புடிக்கிறதுக்கும் சேத்து ஒரே மாத்திரயா குடுப்பியே, அத்தக் குடு."

கடையிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டாள் பவளம்மாள். மருந்துக் கடை இளவரசிக்கு ஆச்சரியம். மாத்திரை, பவளம்மாளின் வயலில் நாற்று நடுகிற அம்முலுவுக்காம். கூலியாளுக்காக மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர் வரை கார் எடுத்து வருகிற மனசா இந்த அம்மாவுக்கு?

அம்முலு வெளியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

"உள்ள வந்து ஒக்காரச் சொல்லுங்களேன்."

"அவ அங்கியே நிக்கட்டும். நீ மாத்திரயக் குடு."

அட்டையை நீட்டிய இளவரசி கேட்டாள்: "கைக்கொயந்த எதுனா கீதா அவங்களுக்கு?"

"அவ புள்ள பால் மறந்து மூணு மாசமாவுது. அது இன்னாத்துக்கு ஒனக்கு?"

"இதுல ரெண்டு மருந்து சேந்துகீதும்மா. அதுல ஒண்ணு தாய்ப்பால் வழியாப் போனா, பச்சக் கொயந்தைக்கு மூச்சுத் திணறலாம். அதான் கேட்டேன்."

அட்டையை வாங்கிய கை அப்படியே நின்றது. பவளம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"எம் மருமவளுக்குப் பாலே ஊறல. எம் பேரன் மூணு மாசமா அம்முலுகிட்டத்தான் குடிக்கிறான். வெளிய சொல்லிடாத."

இளவரசி அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"டாக்டரக் கேக்காம இத்தத் தர மாட்டேன். அவங்கள உள்ள கூப்புடுங்க, நான் பேசணும்."

பவளம்மாள் தெருவை இரு பக்கமும் பார்த்தாள். பிறகு மெல்ல நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அம்முலு, உள்ள வந்து ஒக்காரு."