முதல் ஆடிக்கு ஒரு கேரியர்

பெல்ட்டை மறுபடியும் இழுத்துப் பார்த்தார் சிவநாதன்.

"அறுந்துடாதே தம்பி?"

"அறாது சார்," என்றான் ஜாக்சன். காரைக்காலில் கார் சாமான் கடை வைத்த நாளிலிருந்து அவன் இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை. கத்திரிக்காயைக்கூடக் காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறவர் சிவநாதன். காரில் சைக்கிள் மாட்டும் கேரியரை மட்டும் சும்மா வாங்கிவிடுவாரா?

கடையில் இருந்தது இரண்டே வகை. ஒன்று, டிக்கியில் பெல்ட்டால் கட்டித் தொங்கவிடுவது. இன்னொன்று, கார் கூரையில் கம்பி போட்டு முடுக்குவது. சைக்கிள் மேலே நிமிர்ந்து நிற்கும். புயலே அடித்தாலும் அசையாது என்று ஜாக்சன் சத்தியம் செய்தான்.

மேலே மாட்டுவது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

பெண்ணின் சைக்கிளைச் சாமி புறப்பாடு மாதிரி உச்சியில் நிறுத்திக்கொண்டு சம்பந்தி வீட்டிலிருந்து கிளம்பினால் தெருவே பார்க்கும் என்றார். பின்னால் தொங்கினால் அவ்வளவாகக் கண்ணில் படாது. நம்பர் பிளேட் மறையும், பூவம் எல்லையைத் தாண்டியதும் போலீஸ் கை காட்டுவார்கள் என்று ஜாக்சன் சொல்லிப் பார்த்தான். அதைப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

கல்யாணமாகி முதல் ஆடி. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் இளவேனிலை அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி சட்டை வாங்கிப் பின் சீட்டில் வைத்தாயிற்று. பழமும் பூவும்தான் பாக்கி.

வரும்போது சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று சொல்லியிருந்தாள்.

அது அவள் முதல் சம்பளத்தில் வாங்கியது. சொந்த ஊரான வரிச்சிக்குடியிலிருந்து காரைக்கால் டவுனுக்கு, பஸ்ஸை நம்பாமல், எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு அதில்தான் வேலைக்குப் போய்வந்தாள். கட்டில், பீரோவோடு அதுவும் டாட்டா ஏஸில் ஏறிச் சிதம்பரம் போனது.

வைகாசியில் அவர் பார்க்கப் போனபோது மாடிப்படிக்கு அடியில் சாக்கு போர்த்திக் கிடந்தது. டயரில் காற்று இல்லை.

புதுப் பெண், வீட்டு வேலைக்கே நேரம் சரியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போனில் அவர் கேட்பதற்கு முன்பே "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாளே, அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். வேலையை ஏன் விட்டாள் என்பதற்கும் ஒன்று இருந்தது.

ஒரு மாதம் வீட்டில் இருக்கட்டும். நாலு பக்கம் சைக்கிளை மிதித்துவிட்டு வரட்டும். முகம் தெளிந்துவிடும், தெம்பாகத் திரும்பிப் போவாள்.

திரும்பிப் போவதை நினைத்ததும்தான் புதுக் கவலை வந்தது. ஆவணியில் சைக்கிளையும் கொண்டுபோய் விட வேண்டுமே. அதுவரை இந்த பெல்ட் இற்றுப்போகாமல் இருக்குமா?

ஜாக்சனுக்கு வேறு சந்தேகம். லேடீஸ் சைக்கிள் என்றால் தொங்கவிட வாகாக இருக்காது, நடுக்கம்பி நேரா வளைவா என்று கேட்டான். எத்தனையோ தடவை துடைத்து வைத்த சைக்கிள், ஆனால் அவருக்கு ஞாபகம் வரவில்லை. போனை எடுத்தார்.

"நேராதாம்ப்பா இருக்கு," என்றாள் இளவேனில். பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் குரல் தணிந்திருந்தது.

"அப்ப பெல்ட்டே போதும்ங்கிறாரு கடைக்காரத் தம்பி. எனக்குத்தான் யோசனையா இருக்கு. ஆவணியில திரும்பக் கொண்டாந்து விடணும்ல, அதுவரைக்கும் தாங்கணுமே."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வர்றதுக்கு மட்டும் தாங்குனா போதும்ப்பா."



ஏன், என்ன, யார் என்று சிவநாதனுக்குக் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை நாள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்களை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

பெல்ட்டை மேஜைமேல் வைத்தார்.

"மேல மாட்டுறதையே போடுங்க தம்பி. இப்பவே."

"தெருவே பாக்கும்னீங்களே சார்?"

அவர் போனைக் காதோடு அணைத்தபடியே போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். மாப்பிள்ளைக்கு வாங்கிய ஜவுளிப் பையை எடுத்துக் கொண்டுவந்து கடை மேஜைமேல் வைத்தார். திரும்பிப் போய்க் காலியான சீட்டைக் கையால் தட்டிவிட்டார்.

"அப்பா, இருக்கீங்களா?" என்றாள் இளவேனில். "ஒண்ணும் அவசரம் இல்லப்பா. ஆடி பொறக்க இன்னும் நாலு நாள் இருக்கு. நான் இருந்துக்குறேன்."

"அது பாட்டுக்குப் பொறக்கட்டும்மா," என்றார் சிவநாதன். "நீ துணிமணிய எடுத்து வை. சாயங்காலம் வந்துடுறேன்."