ஈரச் சீருடை

நெமிலிச்சேரி ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின் அடியில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் சௌம்யாவின் பள்ளிச் சீருடை காய்கிறது. ஆவடியில் அவர்கள் படுத்துறங்கும் கடைவாசலில் நேற்று கோடைமழைத் தண்ணீர் ஏறிவிட, அம்மா தாயம்மாள் மூட்டைகளோடு மகளை இங்கே கூட்டி வந்திருக்கிறாள். இன்று சௌம்யாவுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. அவளைத் தேடி ஆவடியெல்லாம் அலைந்து, விசாரித்து இங்கே வந்து சேர்ந்த ரெனிதா டீச்சர், ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வியர்வை வழிய எதிரில் நிற்கிறார். “துணி இன்னும் ஈரமா கீது டீச்சர், நாத்தம் வேற. கிட்ட போனா பசங்க மூக்கப் புடிச்சிக்குங்களாம். போவ மாட்டேன்னு சொல்லிகினு கீறா,” என்கிறாள் தாயம்மாள். சௌம்யா தலை நிமிரவில்லை. டீச்சர் சீருடையை எடுத்து உதறி, அவளிடம் நீட்டுகிறார். “போட்டுக்கோம்மா. போற வழியில காத்துல காஞ்சிடும்.” மேலே எங்கோ காக்கை கரைகிறது. ஒரு மின்சார ரயில் கடந்து போகிறது. அதன் தடதடப்பு அடங்கியதும் சௌம்யா சீருடையை வாங்கிக்கொள்கிறாள். பிறகு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உடை மாற்றிக்கொண்டு வருகிறாள். தாயம்மாள் அவசரமாக அவள் பின்னலை இறுக்கிக் கட்டிவிடுகிறாள். டீச்சரின் புடவையில் ஈரம் படக் கூடாதென்று, சௌம்யா ஸ்கூட்டரின் பின்னிருக்கை விளிம்புக்கு நகர்ந்து உட்காருகிறாள். டீச்சர் வண்டியைக் கிளப்பவில்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டி, அவள் கையைப் பற்றி இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றி வைத்துக்கொள்கிறார். “கெட்டியாப் புடிச்சிக்கோ.” சீருடையின் ஈரம் டீச்சரின் முதுகில் மெல்லப் பரவுகிறது. வண்டி நகர்கிறது.