தோள்பட்டை வீரன்

எங்கள் தீவின் ஆப்பியா துறைமுகத்தில் நாங்கள் லுங்கியை மடித்துக் கட்டித்தான் கொப்பரை மூட்டை தூக்குவோம். செமிசி மட்டும் பேண்ட்டைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டிருப்பான். எங்கள் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை எலும்புச் சீப்பால் தட்டிக் குத்திக்கொள்ளும் பச்சையை, இடது தொடை முடிந்ததும் வலி தாங்காமல் விட்டு ஓடியவன் அவன். அரைகுறைப் பச்சை இங்கே குடும்பத்துக்கே தலைகுனிவு.

தோளில் மட்டும் ஆக்லாந்துக் கடையில் குத்திய படக்கதை வீரன் ஒருவன் பறந்துகொண்டிருந்தான்.

"குண்டு பட்டாலே சிரிப்பானாமே உன் ஆளு! நீ ஏன்டா சீப்பு பட்டதுக்கே ஓடின?" என்பான் லாஃபாய். வழக்கப்படி செமிசியோடு ஜோடியாகப் பச்சை குத்தப் பாயில் படுத்து, கடைசிவரை தாங்கி முடித்துக்கொண்டவன் அவன்.

ஒரு திங்கட்கிழமை, செமிசியின் தோளில் இருந்த வீரனின் வலது தொடையில் கறுப்புக் கோடுகள் இருந்தன.

"மறுபடி கடைக்குப் போனியாடா?" என்று கேட்டேன்.

"இல்லடா. எந்திரிச்சா சட்டையில ரத்தமா இருக்கு."

நாளுக்கு ஒரு வரிசை கூடியது. எலும்புச் சீப்பால் தட்டிய கோடுகள். கடை ஊசிக்கு அப்படி வராது.

சனிக்கிழமை வீரனுக்குத் தொப்புள் குறியும் விழுந்திருந்தது. பச்சையில் அதுதான் எப்போதும் கடைசி. லாஃபாய் அன்று கேலி பேசவில்லை. பச்சையை முடித்தவனுக்குச் செய்வதுபோல, தேங்காயெண்ணெயை எடுத்து வீரனுக்கு மரியாதையாகத் தடவிவிட்டான்.

செமிசி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேண்ட்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.