பைலட்டம்மா

"பைலட்டம்மா வந்துட்டாங்க, வழி விடுங்கடி!"

விஜிதா போட்ட சத்தத்தில், தேயிலை மலை அடியில் கூடியிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குணமணி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, எதுவும் காதில் விழாதவள் போல வந்து வரிசையில் நின்றாள்.

விஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு லீவு. அன்றைக்கு மலை ஏறினால், எடுக்கிற கொழுந்துக்கு அன்று மாலையே கையில் காசு. அதனால்தான் அந்த வேலைக்கே கைக்காசு என்று பேர். வெயிலில் கொழுந்து குறைந்துபோய், இப்போதெல்லாம் வருகிறவர்களில் பாதிப் பேரைத்தான் எடுக்கிறார்கள்.

போன வாரம் விஜிதாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகள் தயானி வாய் பிளந்த சப்பாத்தோடு பள்ளிக்கூடம் போய், வாசலிலேயே நிறுத்தப்பட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

இந்தப் பொம்பளைக்கு என்ன கேடு? மகன் கீர்த்திகன் கொழும்பில் பிளேன் ஓட்டுகிறான். மாமன்காரன் பதுளைக் கடையை ஈடு வைத்துப் படிக்க வைத்தான். வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கக் கோடுமாக அவன் நிற்கிற படம், வரிசை வீடுகளான இந்த லயத்தில் எல்லார் போனிலும் இருக்கிறது. அவனுக்கு வேலை கிடைத்த அன்று குணமணி வீடு வீடாக லட்டு கொடுத்து, "இனி எங்களுக்கு விடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதுவும் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்த கையோடு பசறை டவுனுக்கு ஓடுவாள். காசு அனுப்புகிற, எடுக்கிற கடையில் அவள் நிற்பதை விஜிதாவே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மகன் அனுப்புகிற காசை எடுக்கத்தான், வேறெதற்கு? அங்கிருந்து பஸ்ஸில் வரலாம் அல்லவா? அதற்கும் கை வராமல் லயம்வரை நடந்தே வருவாள். அப்படி ஒரு கஞ்சத்தனம்!

கணக்கப்பிள்ளை செல்வநாயகம் ஆட்களைப் பிரித்தார். "நீ வா... நீயும் வா... குணமணி, நீ வா. அவ்வளவுதான். மத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போங்க."

விஜிதா கூடையைத் தரையில் ஓங்கி அடித்தாள். "ஏங்கய்யா, எங்களுக்கெல்லாம் வயிறு இல்லியா? மகன் ஆகாசத்துல பறக்குறான், அம்மாவுக்கு இங்க கைக்காசு கேக்குதா? எம்புள்ள காலுக்குச் சப்பாத்து இல்லாம நிக்கிறா. வெக்கமா இல்லியாக்கா ஒனக்கு?"

"நான் என்ன ஓசியிலயா கேட்டேன்? எடுக்கிற கொழுந்துக்குத்தானே வாங்குறேன்?" குணமணியும் சீறினாள். "எம் மகன் பேச்ச எடுக்காத, சொல்லிட்டேன்."

"எடுப்பேன்! அவன் சம்பாதிக்கிறதுல காலை நீட்டி ஒக்காந்து சாப்பிட வேண்டியதுதானே? இன்னும் எவ்வளவு சேத்து வைக்கப் போற? போகும்போது தலையில கட்டிக்கிட்டா போகப் போற?"

"அவ கேக்குறது நியாயந்தானேங்கய்யா!" பின்னால் இருந்து யசோதினி குரல் கொடுத்தாள். வேலை கிடைக்காத மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "காலங்காத்தால இதென்ன தொல்லை? சரி, குணமணி, இனிமே ஞாயித்துக்கிழமை நீ வராத. விஜிதா, நீ மலைக்கு ஏறு."

குணமணி சுற்றி நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு கூடையைக் கழற்றித் தோளில் போட்டபடி கிளம்பிப் போய்விட்டாள்.

"நல்லா வேணும்!" விஜிதா அவள் முதுகுக்குக் கேட்கும்படியே சொன்னாள். அவளுக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

மலைப்பாதையில் ஏறும்போது, கீழே சிக்னல் கிடைக்கிற பாறை மேல் குணமணி போனோடு நிற்பது தெரிந்தது. லைன் சரியில்லை போலிருக்கிறது, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். மகனிடம் நம்மைப் பற்றிக் கோள் மூட்டுகிறாளோ என்று விஜிதா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னது, இந்த வாரமும் பறக்கலியா? ஏற ஆள் சேரலன்னு பிளேன நிப்பாட்டினா, அது ஒன் தப்பாடா? பறந்த மணிக்கு மட்டுந்தான் சம்பளம்னா, தரையில நிக்கிற நாளைக்கு மண்ணையா திங்கிறது?"

மறுமுனையில் அவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். குணமணிக்கு இன்னும் கோபம் ஏறியது.

"அவனுங்க குடுக்கிறது மாமன் கடைய மீக்கவே பத்தல! தோளுல கோடு போட்டு உட்டா போதுமா, வயித்துக்குப் போட வேணாமா? நாசமாப் போற கம்பெனி! நீங்க பைலட்டுங்க எல்லாம் வாயில என்னத்த வச்சிருக்கீங்க? தோட்டத்துல நாங்களே சத்தம் போடுறோமேடா!"

கீழே குணமணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மறுபடியும் போனைக் காதில் வைத்தாள்.

"தம்பி, இந்த வாரம் அம்மாவால ஒனக்குக் காசு அனுப்ப ஏலாதுடா."